ஒரே ஃபிலிமுக்கு ஐந்து பெயர்: டயப்பர், நாப்கின் ஃபிலிம்களின் கலைச்சொற்களைப் புரிந்துகொள்வது எப்படி?

கேள்வி இதுதான்: டயப்பர், நாப்கின் தயாரிக்கும் இடத்தில் மூலப்பொருள் வாங்கும் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மூன்று சப்ளையர்கள் அனுப்பிய விவரத்தாள்கள் மேசையில் கிடக்கின்றன. ஒன்றில் ‘பேக்‌ஷீட்’, ஒன்றில் ‘காஸ்ட் பி.இ. ஃபிலிம்’, மற்றொன்றில் ‘மைக்ரோபோரஸ் பிரீதபிள் ஃபிலிம்’ என்று இருக்கிறது. இவை வேறு வேறு பொருள்களா? ஒருவர் ஜி.எஸ்.எம்.மிலும் இன்னொருவர் மைக்ரானிலும் கணக்குச் சொன்னால் எதை எதோடு ஒப்பிடுவது?

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: மூன்றும் ஒரே சுருளாகவே இருக்கலாம். இந்தத் துறையில் ஒரு ஃபிலிமுக்கு ஐந்து வழிகளில் பெயர் வைக்கிறார்கள். பொருளில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்து ஒரு பெயர்: டாப்‌ஷீட், பேக்‌ஷீட், ஃபிரன்டல் டேப் (முறையே உடலைத் தொடும் மேல்விரிப்பு, ஈரம் தடுக்கும் வெளிவிரிப்பு, டயப்பரின் முன்பக்கத்தில் ஒட்டும் பட்டை). எப்படிச் செய்தார்கள் என்பதை வைத்து ஒன்று: காஸ்ட், புளோன். எதனால் ஆனது என்பதை வைத்து ஒன்று: பி.இ., அதாவது பாலிஎத்திலீன். உள்ளே எப்படி இருக்கிறது என்பதை வைத்து ஒன்று: மைக்ரோபோரஸ், மோனோலித்திக். என்ன வேலை செய்கிறது என்பதை வைத்து ஒன்று: பிரீதபிள், எலாஸ்டிக், ரிலீஸ். ஒருவரையே ‘மாடிவீட்டுக்காரர்’, ‘தச்சர்’, ‘பெரியவர்’ என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வதில்லையா, அது போலத்தான். ஒரு சொல்லைப் பார்த்தால் அது இந்த ஐந்தில் எந்தக் கேள்விக்குப் பதில் என்று முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பாடப்புத்தகத் தமிழில் ‘படலம்’ என்பார்கள். ஆனால் தொழிலில் இருப்பவர் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, ஃபிலிம்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பேக்‌ஷீட்டில் இருந்து தொடங்கலாம், பிளாஸ்டிக் ஃபிலிமின் பழைய இடம் அதுதான். அமெரிக்காவில் மரியன் டோனவன் துணி டயப்பருக்கு மேல் போடும் நீர்புகா உறை ஒன்றைச் செய்து 1951-இல் காப்புரிமை பெற்றார். பத்து ஆண்டு கழித்து, 1961-இல் பேம்பர்ஸ் வந்தபோது பின்பக்கத்தில் பாலிஎத்திலீன் ஃபிலிமே ஒட்டியிருந்தது. அப்போது அதற்கு ஒரே வேலை: ஈரத்தை வெளியே விடக் கூடாது. வேலை ஒன்றாக இருந்தவரை பெயரும் ஒன்றே போதுமானதாக இருந்தது. பிறகு அது காற்றோட்டமாக இருக்க வேண்டும், துணி மாதிரித் தோன்ற வேண்டும், நடக்கும்போது சலசலக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சேர, பெயர்களும் பெருகின.

காஸ்ட், புளோன் இரண்டையும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். உருகிய பிளாஸ்டிக்கைத் தட்டையான பிளவு வழியாக இறக்கி, குளிர்ந்த உருளையில் விழவைத்தால் காஸ்ட். வட்டப் பிளவு வழியாகக் குழாய் போல மேலே இழுத்து, உள்ளே காற்றடித்துக் குமிழாக ஊதினால் புளோன். பேக்‌ஷீட்டில் பெரும்பாலும் காஸ்ட்தான், காரணம் எம்பாஸிங். உருகிய நிலையிலேயே ஒரு பக்கம் பூவேலை பொறித்த எஃகு உருளை, மறுபக்கம் ரப்பர் உருளை என்று நடுவில் அழுத்தி எடுத்தால், பளபளப்பு போய் மேட் ஆகிறது, கைக்கு மென்மையாகிறது, சலசலப்பும் குறைகிறது. காஸ்ட் லைனில் ‘நெக்-இன்’ என்ற சொல்லும் அடிக்கடி வரும். டையிலிருந்து, அதாவது அந்தப் பிளவு உள்ள அச்சிலிருந்து, இறங்கும் உருகல் இரு பக்கமும் உள்வாங்கி அகலம் குறைவதுதான் அது. உள்வாங்கும்போது ஓரம் தடிக்கிறது, அந்தத் தடித்த ஓரத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். புளோன் ஃபிலிமுக்கு ‘புளோ-அப் ரேஷியோ’ என்று ஓர் எண் தருவார்கள். டை விட்டத்தைப் போல எத்தனை மடங்கு குமிழ் ஊதப்பட்டது என்பதே அது. வாங்குபவருக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி நீங்கள் கேட்ட ஜி.எஸ்.எம்., மைக்ரான். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில். மைக்ரான் என்பது தடிமன், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. இரண்டையும் இணைப்பது அடர்த்தி. சாதாரணப் பாலிஎத்திலீனின் அடர்த்தி சுமார் 0.92. எனவே 20 மைக்ரான் ஃபிலிம் 18.4 ஜி.எஸ்.எம். பழைய தாள்களில் ‘மில்’, ‘கேஜ்’ என்றும் பார்ப்பீர்கள்: 1 மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, அதாவது 25.4 மைக்ரான், அதுவே 100 கேஜ். மில்லை மில்லிமீட்டர் என்று படித்துவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், நான் ஒருமுறை படித்திருக்கிறேன்.

சரி, 0.92-ஆல் பெருக்கினால் வேலை முடிந்ததா? எம்பாஸ் செய்யாத, எதுவும் கலக்காத ஃபிலிமுக்கு முடிந்தது. எம்பாஸ் செய்ததில் அளவுக்கருவி மேட்டின் உச்சியைத்தான் தொடும். உண்மையில் 20 மைக்ரான் பிளாஸ்டிக்கே இருந்தாலும் கருவி அதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதனால்தான் எம்பாஸ் ஃபிலிமை எடையை வைத்து வாங்குகிறார்கள். மைக்ரோபோரஸில் விஷயம் இன்னும் சிக்கல். அதில் பாதி பிளாஸ்டிக்கே இல்லை, சுண்ணாம்புக்கல் தூள். அந்தத் தூளான கால்சியம் கார்பனேட்டின் அடர்த்தி 2.7. பாதிக்குப் பாதி எடையில் கலந்தால் கலவையின் அடர்த்தி ஏறத்தாழ 1.37 ஆகிறது. 18 ஜி.எஸ்.எம். ஃபிலிமில் திடப்பொருள் 13 மைக்ரானுக்குத்தான் வரும். மீதித் தடிமன் உள்ளே இருக்கும் வெற்றிடம் தருவது. ஆக, ஒரு சப்ளையர் 18 ஜி.எஸ்.எம். சாதா ஃபிலிமும் இன்னொருவர் 18 ஜி.எஸ்.எம். மைக்ரோபோரஸும் தந்தால், எடை ஒன்று என்பதற்காக வலுவும் ஒன்று என்று நினைக்கக் கூடாது. இரண்டாவதில் பிளாஸ்டிக் 9 கிராம்தான்.

‘பிரீதபிள்’ என்ற சொல்லில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். சுவாசிக்கும் என்றால் காற்று போய்வரும் என்று நினைக்கத் தோன்றும். இங்கே அது நீராவி கடக்கும் என்பதை மட்டுமே குறிக்கிறது. பிரீதபிள் பேக்‌ஷீட்டை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், காற்று போவதே தெரியாது. ஆனால் அதே ஃபிலிமை வெந்நீர்க் குவளையின் வாயில் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு கண்ணாடித் துண்டை வையுங்கள். சிறிது நேரத்தில் கண்ணாடி மங்கும். சாதா ஃபிலிமில் மங்காது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான், எந்த விளக்கமும் இவ்வளவு சீக்கிரம் புரியவைப்பதில்லை.

நீராவியைக் கடத்த இரண்டு வழிகள் உண்டு. முதலாவது மைக்ரோபோரஸ், நுண்துளை வழி. எல்.எல்.டி.பி.இ. என்ற பாலிஎத்திலீன் வகையில் ஒன்றிரண்டு மைக்ரான் அளவுள்ள சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து ஃபிலிமாக வார்க்கிறார்கள். தூளின் மேல் ஸ்டியரிக் அமிலப் பூச்சு இருக்கும். அது தூளைக் கட்டி தட்டாமல் பரவச் செய்கிறது, தண்ணீரை ஒட்டவிடாமலும் வைக்கிறது. வார்த்த நிலையில் துளை எதுவும் கிடையாது. பிறகு அதை இழுக்கிறார்கள். இழுக்கும்போது பிளாஸ்டிக் நீள்கிறது, கல் நீளாது. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் பிளாஸ்டிக் விலகி ஒரு சிறு குழி உண்டாகிறது. பக்கத்துப் பக்கத்துக் குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வளைந்து நெளிந்த பாதைகள் பிறக்கின்றன. இப்படிக் குழி உண்டாவதற்குக் ‘கேவிடேஷன்’ என்று பெயர். கலவையில் சற்று ஈரம் இருந்துவிட்டால் அது உருகலில் ஆவியாகிப் பெரிய ஓட்டையே போட்டுவிடும். நுண்துளை வேண்டும், ஊசித்துளை கூடாது. ‘பின்ஹோல்’ என்று எழுதியிருந்தால் அது குறையின் பெயர் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இழுப்பதிலும் இரண்டு முறை. வேகம் கூடக் கூடச் சுழலும் உருளைகளுக்கிடையே நீளவாக்கில் இழுத்தால் எம்.டி.ஓ. ஒன்றின் பல் மற்றொன்றின் பள்ளத்தில் இறங்கும் பல் உருளைகளுக்கிடையே விட்டு இழுத்தால் ரிங் ரோலிங். இரண்டாவது முறையில் செய்ததை வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய கோடுகள் தெரியும். எம்.டி.ஓ.வில் செய்ததைக் கையால் கிழித்தால் நீளவாக்கில் சரசரவென்று கிழியும். இன்னொன்று: இந்த ஃபிலிமின் வெண்மை முழுவதும் சாயத்தால் வருவதில்லை. உள்ளே உள்ள குழிகள் ஒளியைச் சிதறடிப்பதாலும் அது வெளுக்கிறது. ஆகவே மற்றவை மாறாமல் ஒரு சுருள் வழக்கத்தைவிடச் சற்றுக் கண்ணாடித்தன்மையாக வந்தால், போதுமான அளவு இழுக்கவில்லையோ என்று சந்தேகப்படலாம்.

துளை இருந்தும் நீர் ஏன் கசியவில்லை? துளைகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, சுவரோ நீரை வெறுக்கும் பொருள். நீரின் மேற்பரப்பு இழுவிசை அதை அவ்வளவு குறுகலான வழிக்குள் நுழைய விடாது. தனித்தனி மூலக்கூறாகப் போகும் ஆவிக்கு அந்தத் தடை இல்லை. இதிலிருந்தே இந்த வகையின் பலவீனமும் புரியும். நீரின் இழுவிசை, அறை வெப்பநிலையில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்பு போன்ற சர்ஃபாக்டன்ட் கலந்தால் 30-க்கு அருகே இறங்கிவிடும். டாப்‌ஷீட்டை ஈரம் ஏற்கவைக்க அதன்மேல் சர்ஃபாக்டன்ட் பூசுகிறார்கள். அது கழன்று திரவத்தோடு பின்பக்கம் வந்து சேர்ந்தால், நல்ல பேக்‌ஷீட்டும் கசியும். ஃபிலிமைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு முன் இந்த வழியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழி மோனோலித்திக். துளையே கிடையாது, ஒரே திண்ணிய சவ்வு. பாலிஈதர் பகுதிகள் உள்ள கோபாலியெஸ்டர், பாலியுரேதேன் போன்றவற்றால் ஆனது. நீர் மூலக்கூறு ஒரு பக்கம் அதில் கரைந்து, ஊடுருவி, மறுபக்கம் வெளியேறுகிறது. சர்ஃபாக்டன்ட் வந்தாலும் நுழைய இதில் துளை இல்லை. செலவு கூடுதல் என்பதால், சாதாரண டயப்பர்களில் மைக்ரோபோரஸ்தான் கோலோச்சுகிறது.

எவ்வளவு ஆவி கடக்கிறது என்பதற்கு டபிள்யூ.வி.டி.ஆர். அல்லது எம்.வி.டி.ஆர். என்று எழுதுவார்கள், இரண்டும் ஒன்றே. ஒரு சதுர மீட்டர் வழியாக 24 மணி நேரத்தில் கடக்கும் நீராவி, கிராமில். என்னைக் கேட்டால், விவரத்தாளிலேயே அதிகம் ஏமாற்றும் எண் இதுதான். யாரும் பொய் சொல்வதில்லை. சோதனை முறையை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். வெப்பநிலையும் ஈரப்பதமும் மாறினால் எண் மாறும். கிண்ணத்தில் நீர் ஊற்றி ஃபிலிமால் மூடி நிமிர்த்தி வைத்தால் ஓர் எண், நீர் ஃபிலிமைத் தொடும்படி கவிழ்த்து வைத்தால் வேறோர் எண். நிமிர்ந்த கிண்ணத்தில் நீருக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள காற்றும் ஒரு தடை. மோனோலித்திக் ஃபிலிம் நீரில் ஊறும் தன்மையுள்ளது, அதனால் கவிழ்த்த கிண்ணத்தில் அதன் எண் எகிறிவிடும். சோதனை முறை, வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றும் பக்கத்தில் இல்லாத டபிள்யூ.வி.டி.ஆர். எண்ணை நான் ஒப்பீட்டுப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை.

இந்த எண் பெரிதாகிக்கொண்டே போவதும் நல்லதல்ல. ஆவி அதிகம் வெளியேறினால், வெளியே உள்ள குளிர்ந்த பரப்பில் அது படிந்து ஈரமாகும். தொட்டுப் பார்ப்பவர் ‘கசிகிறது’ என்பார். அது கசிவு அல்ல, பேக்‌ஷீட் வியர்ப்பு. உண்மையான கசிவுத் தடையை அளப்பது ஹைட்ரோஸ்டேட்டிக் ஹெட், பேச்சில் ஹைட்ரோஹெட்: எத்தனை உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தை ஃபிலிம் தாங்குகிறது என்பது. ஒரு பேக்‌ஷீட்டை மதிப்பிட இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

‘டி.பி.எஸ்.’ (டெக்ஸ்டைல் பேக்‌ஷீட்), ‘கிளாத்-லைக் பேக்‌ஷீட்’ என்பவை தனி ஃபிலிம் அல்ல. மெல்லிய ஃபிலிமின் வெளிப்பக்கத்தில் நெய்யாமல் இழைகளைப் பிணைத்துச் செய்யும் நான்வோவன் துணியை ஒட்டிய இரட்டை அடுக்கு, அதாவது லேமினேட். இங்கே ஒரு ஜி.எஸ்.எம். எண் மட்டும் தந்திருந்தால், அது முழு லேமினேட்டின் எடையா, ஃபிலிமின் எடையா என்று கேளுங்கள். பசையின் எடையும் அதில் சேர்ந்திருக்கும். பசை ஃபிலிம் முழுக்கப் பரவினால் நுண்துளைகளை அடைத்துவிடும், அதனால்தான் கோடுகோடாகவோ சுருள்சுருளாகவோ தெளிக்கிறார்கள்.

டாப்‌ஷீட்டுக்கு வருவோம். டயப்பரில் அது பெரும்பாலும் நான்வோவன். நாப்கினில் ஃபிலிமும் உண்டு. சல்லடை மாதிரி இருக்கிறதே, அதுதான். பர்ஃபரேட்டட், ஏபர்ச்சர்டு, ஃபார்ம்டு ஃபிலிம் என்று மூன்று பெயரும் கலந்து புழங்கும், ஆனால் நுணுக்கமாகப் பார்த்தால் வித்தியாசம் இருக்கிறது. தட்டையான ஃபிலிமில் ஓட்டை போட்டாலும் அது பர்ஃபரேட்டட்தான். ஃபார்ம்டு என்றால் ஒவ்வொரு ஓட்டையும் புனல் வடிவில் கீழே இறங்கியிருக்க வேண்டும். உருகிய ஃபிலிமைத் துளைகள் உள்ள உருளை மேல் போட்டு, உள்ளிருந்து வெற்றிடத்தால் உறிஞ்சினால் அது ஒவ்வொரு துளையிலும் வழிந்து புனலாகிக் கிழிகிறது. மேலே அகலம், கீழே குறுகல். இந்தக் குறுகும் நுண்குழாய் யோசனைக்கு 1975-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1983-இல் வந்த ஆல்வேஸ் நாப்கின்களின் ‘டிரை-வீவ்’ மேல்விரிப்பு இந்த வகைதான். திரவம் இறங்குவது எளிது, திரும்பி ஏறுவது கடினம். இறங்கும் வேகத்தை அளப்பது ஸ்ட்ரைக்-த்ரூ, விநாடியில். அழுத்தும்போது எவ்வளவு திரும்பி மேலே வருகிறது என்பது ரீவெட், கிராமில். இரண்டும் சிறிதாக இருந்தால் நல்லது. ‘ஓப்பன் ஏரியா’ என்பது மொத்தப் பரப்பில் ஓட்டை எத்தனை சதவீதம் என்பது, ‘மெஷ்’ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை ஓட்டை என்பது. மெஷ் எண் கூடினால் ஓட்டை சிறிதாகும்.

இந்த ஃபிலிமுக்கு மேல் கீழ் உண்டு. கண்ணால் பார்த்தால் தெரியாது. விரலால் தடவினால் ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பான பக்கம்தான் புனலின் குறுகிய முனை, அது உறிஞ்சும் பகுதியைப் பார்த்து இருக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சுருளைத் திருப்பி மாட்டிவிட்டு, அரை ஷிஃப்ட் முழுவதும் தலைகீழாக ஓட்டியிருக்கிறோம். ரீவெட் எண் ஏறியதும் எல்லோரும் உறிஞ்சும் பொருளைத்தான் திட்டினோம்.

வலு பற்றிய சொற்கள் எல்லாம் இரண்டிரண்டாக வரும்: எம்.டி., சி.டி. ஃபிலிம் ஓடும் திசை எம்.டி., அதற்குக் குறுக்கே சி.டி.; சிலர் டி.டி. என்றும் எழுதுவார்கள். டென்சைல் என்பது அறுபடும் விசை, எலாங்கேஷன் என்பது அறுபடும் முன் நீளும் சதவீதம். புதியவர்கள் இந்த இரண்டையும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். லைன் ஓட்டுபவருக்கு அதைவிட முக்கியமானது, 5 சதவீதம் நீள எவ்வளவு விசை வேண்டும் என்பது. எந்திரத்தில் ஃபிலிம் அறுபடுவதைவிட, இழுவையில் சற்று நீண்டு அகலம் சுருங்கி, அச்சிட்ட படம் இடம் மாறுவதுதான் அன்றாடத் தொல்லை. டார்ட் டிராப் என்பது எடையை மேலிருந்து போட்டுக் குத்துவலுவைப் பார்ப்பது, எல்மண்டார்ஃப் என்பது கிழிசல் பரவும் வலு. சி.ஓ.எஃப். என்பது உராய்வு. அது மிகக் குறைந்தால் சுருள் நழுவும், கூடினால் ஃபிலிம் உருளைகளில் சிக்கும்.

‘டைன்’ என்று ஓர் எண் இருக்கும். பாலிஎத்திலீனின் மேல் மையும் பசையும் இயல்பாக ஒட்டாது. மின்பொறி பாய்ச்சும் கொரோனா டிரீட்மென்ட் செய்து பரப்பு ஆற்றலை உயர்த்துகிறார்கள். செய்யாத ஃபிலிம் 31-க்கு அருகில் இருக்கும், அச்சிட வழக்கமாக 38-ஆவது கேட்பார்கள். நினைவில் வைக்க வேண்டியது, இது நிலையான எண் அல்ல. கிடங்கில் கிடக்கக் கிடக்கக் குறையும், ஃபிலிம் வழுக்கி ஓடுவதற்காக உள்ளே கலந்த ஸ்லிப் மெழுகு மேலே வந்து மூடினால் இன்னும் குறையும். தயாரித்த அன்று இருந்த டைன் உங்கள் எந்திரத்தில் ஏறும் அன்று இருக்காது.

இடுப்புப் பட்டையிலும் ‘காது’ எனப்படும் டயப்பரின் பக்கவாட்டு மடலிலும் வரும் எலாஸ்டிக் ஃபிலிம் தனி உலகம். எஸ்.பி.எஸ்., எஸ்.ஐ.எஸ்., எஸ்.இ.பி.எஸ். என்பவை ரப்பர் போல நீளும் ஸ்டைரீன் பிளாக் கோபாலிமர்கள். இவை தம்மோடு தாமே ஒட்டிக்கொள்ளும், அதற்கு ‘பிளாக்கிங்’ என்று பெயர். அதைத் தடுக்க இருபுறமும் மெல்லிய பாலிஒலிஃபின் (பாலிஎத்திலீன் குடும்பம்) தோல் போடுகிறார்கள். அந்தத் தோல் ஃபிலிமை நீளவிடாது, ஆகவே ஒருமுறை இழுத்துப் பழக்குவார்கள்: ‘ஆக்டிவேஷன்’. இதில் பார்க்க வேண்டியது ‘பெர்மனன்ட் செட்’. 100 மில்லிமீட்டரை 200-க்கு இழுத்து விட்டபின் 108-இல் நின்றால், செட் 8 சதவீதம். அந்த அளவுக்கு இடுப்பு தளர்ந்துவிட்டது என்று பொருள்.

நாப்கின் பின்பக்கப் பசையை மூடும் ரிலீஸ் ஃபிலிமில் சிலிகான் பூச்சு இருக்கும். உரிக்கத் தேவைப்படும் விசை ரிலீஸ் ஃபோர்ஸ். சிலிகான் சரியாகப் பதப்படாமல் இருந்தால் உரிப்பது என்னவோ எளிதாகத்தான் இருக்கும், ஆனால் சிலிகான் பசையின் மேல் ஏறி, நாப்கின் துணியில் ஒட்டாமல் நழுவும்.

இப்போது பச்சை வண்ணத்தில் அச்சிட்டு வரும் சொற்கள். ‘பயோ-பேஸ்டு’ என்றால் மூலம் தாவரம் என்று மட்டுமே பொருள். கரும்பிலிருந்து செய்த பாலிஎத்திலீனும் பாலிஎத்திலீன்தான், மக்காது. ‘கம்போஸ்டபிள்’ என்றால் ஈ.என். 13432, ஐ.எஸ்.ஓ. 17088 போன்ற ஒரு தரநிலை எண் பக்கத்தில் இருக்க வேண்டும். ‘ஆக்ஸோ-டிகிரேடபிள்’ என்பது சாதா பிளாஸ்டிக்கில் சிதைவைத் தூண்டும் உப்பைச் சேர்த்தது. அது தூள்தூளாக உடையும், உடைவது மக்குவதாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019/904 எண்ணுள்ள நெறிமுறையால் 2021 ஜூலையிலிருந்து அதைத் தடை செய்துவிட்டது. அதே நெறிமுறைப்படி நாப்கின் பொதிகளிலும் ‘பிளாஸ்டிக் உள்ளது’ என்ற குறி இருக்க வேண்டும்.

ஆகவே அந்த மூன்று சப்ளையர்களுக்கும் ஒரே கடிதமாக எழுதுங்கள். எந்த இடத்துக்கான ஃபிலிம், காஸ்டா புளோனா, எந்தப் பிளாஸ்டிக், தூள் எத்தனை சதவீதம், ஃபிலிம் மட்டும் எத்தனை ஜி.எஸ்.எம்., டபிள்யூ.வி.டி.ஆர். எந்த முறையில் எந்த வெப்பநிலையில், ஹைட்ரோஹெட் எவ்வளவு, எம்.டி.யில் 5 சதவீத நீட்சிக்கு எவ்வளவு விசை. கடைசி வரியாக, கொரோனா செய்த பக்கம் சுருளில் உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். அதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை, அச்சு உதிரும்போதுதான் தெரியவரும்.